படப்பதிவு விளையாட்டுகளும் நினைவேக்கமும்: பாடம் பற்றிய ஓர் ஆய்வு

கணினி விளையாட்டின் வரலாற்றில் 1990 முதல் 1998 வரையிலான காலப்பகுதி தனித்து நோக்கத்தக்கது. அக்காலத்தில் அமெரிக்காவில் புதுவகை விளையாட்டுகள் பெருகின. வரையப்பட்ட உருவங்களுக்கு மாற்றாக உண்மையான நடிகர்கள் ஒப்பனையிட்டுப் படக்கருவியின் முன் நடித்தனர். அக்காட்சித் துண்டுகள், ஆடுவோரின் செயலுக்கேற்பத் திரையில் ஓடின. ஆங்கில வழக்கில் இவற்றை ‘ஃபுல் மோஷன் வீடியோ’ விளையாட்டுகள் என்பர். இக்கட்டுரையில் ‘படப்பதிவு விளையாட்டு’ என்ற தொடர் ஆளப்படுகிறது. பத்தாண்டுக்குள் தோன்றிப் பெருகித் தேய்ந்த இவ்வகை, வழக்கொழிந்தவுடன் எள்ளி நகைக்கப்பட்டது. ஆனால் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக அது ஏக்கத்தோடு நினைக்கப்படுகிறது. பழைய ஆட்டங்கள் மறுபதிப்பாக வருகின்றன. அவற்றின் சாயலில் புதியனவும் எழுகின்றன.

இவ்வேக்கம் எதன்மீது கொள்ளப்படுகிறது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. மிகை நடிப்பும் மலிவான அரங்கமைப்பும் தரும் வேடிக்கையே இதற்குக் காரணம் எனப் பொதுவாகக் கூறுவர். இவ்விடை அரைகுறையானது. வேடிக்கை ஒருமுறை தீரும், ஏக்கம் தீராது. குறிப்பிட்ட ஒரு மனிதர், குறிப்பிட்ட ஒரு நாளில், படக்கருவியின் முன் உடலோடு நின்றார் என்பதற்கான தடயமே இங்கு நாடப்படுகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து. இது ஏற்கப்படுமாயின், அத்தடயத்தை மறுபதிப்புகள் எவ்வாறு கையாளுகின்றன என்பது சுவை பற்றிய வினாவாக நில்லாது, பாடம் பற்றிய வினாவாகிவிடும்.

இப்பொருள் தமிழாய்வு இதழுக்கு உரியதா என்ற ஐயம் எழக்கூடும். ஆட்டங்கள் அமெரிக்க நாட்டின. அவற்றைத் தமிழ்நாட்டோடு வலிந்து பிணைப்பது இங்கு நோக்கமன்று. ஆயின் நடிப்பையும் காண்போர் நிலையையும் ஆராயத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் போன்ற கருவியும், பழுதுற்ற மூலத்தை எவ்வாறு பதிப்பிப்பது என ஆராயச் சுவடிப் பதிப்பு மரபும் நம்மிடம் உள்ளன. அவ்விரண்டையும் பயன்படுத்தாமல் இப்பொருளைப் பேசுவது தமிழ் ஆய்வாளனுக்கு நட்டமே.

தகடும் சாளரமும்

காண்போர் கதையின் போக்கைத் தேர்ந்தெடுக்கும் திரைப்படம் புதிதன்று. 1967ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உலகக் கண்காட்சியில், செக்கோசுலோவாக்கிய அரங்கில் ராடுஸ் சின்செராவின் ‘கினோஆட்டோமாட்’ காட்டப்பட்டது. பார்வையாளர் பொத்தானை அழுத்தி வாக்களிக்க, கதை அதற்கேற்பத் திரும்பியது. பின்னர் லேசர் தட்டு அதனைப் பொதுவிளையாட்டுக் கூடங்களுக்குக் கொணர்ந்தது. 1983இல் வந்த ‘டிராகன்ஸ் லேர்’ வரைபடத்தால் ஆனது. 1990இல் வந்த ‘மேட் டாக் மெக்ரீ’ உண்மை நடிகர்களைச் சுடச் செய்தது. இவ்வகை வீட்டுக்குள் நுழைந்ததோ குறுந்தகட்டின் வழியாகத்தான்.

குறுந்தகட்டின் அளவுகளை அறியாமல் இவ்விளையாட்டுகளின் அழகியலை விளங்கிக்கொள்ள இயலாது. ஒரு தகடு ஏறத்தாழ 650 மெகாபைட் கொள்ளும். அக்காலத்து நெகிழ்வட்டின் கொள்ளளவு 1.44 மெகாபைட்டே ஆதலின், இது கடலாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆயின் முதல் வகை இயக்கிகள் நொடிக்கு 150 கிலோபைட் அளவே படித்தன. 640க்கு 480 புள்ளிகள் கொண்ட திரையை 256 வண்ணங்களில் நிரப்பும் ஒரே ஒரு படத்துக்கு 300 கிலோபைட் வேண்டும். அதாவது, சுருக்கப்படாத ஒரு படத்தைப் படிக்கவே இரண்டு நொடி ஆகும். திரைப்படமோ நொடிக்கு 24 படங்கள் கேட்பது. அக்கணக்கில் ஒரு முழுத் தகடும் ஒன்றரை நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

எனவே, தருக்கூடியதெல்லாம் வெட்டப்பட்டது. திரையின் நடுவில் சிறு சாளரம் மட்டும் திறக்கப்பட்டது, நொடிக்கான படங்களின் எண்ணிக்கை குறைக்கப்பட்டது, வண்ணங்கள் குறைக்கப்பட்டன, ஒன்றுவிட்டு ஒரு கிடைக்கோடு கருமையாகவே விடப்பட்டது. செகா நிறுவனத்தின் குறுந்தகட்டுக் கருவி ஒரே நேரத்தில் 64 வண்ணங்களையே காட்ட வல்லது. மனித முகத்தின் நிறத்தை, அதிலும் ஒளி நிழலோடு, 64 வண்ணத்துக்குள் அடக்க முயன்றதன் விளைவே, அவ்வாட்டங்களில் காணும் மணல்போல் உதிரும் முகங்கள்.

இவ்வரம்புகள் குறை மட்டுமல்ல என்பதற்கு ‘தி செவன்த் கெஸ்ட்’ சான்று. டிரைலோபைட் நிறுவனம் உருவாக்கி 1993இல் இரண்டு தகடுகளில் வெளிவந்த இவ்வாட்டம், பொம்மை செய்பவன் ஒருவனின் பாழ்மாளிகையில் நிகழ்கிறது. நடிகர்கள் நீலத்திரையின் முன் படமாக்கப்பட்டுக் கணினியில் வரைந்த மாளிகையின்மேல் ஒட்டப்பட்டனர். நீலத்தை நீக்கும் பணி செம்மையாக அமையவில்லை. உருவங்களைச் சுற்றி ஒளிர்விளிம்பு ஒன்று எஞ்சிற்று. கதைமாந்தர் ஆவிகள் ஆதலின் அவ்விளிம்பு பொருந்திப்போனது, பழுது பொருளாயிற்று. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்ற இவ்வாட்டத்தை இன்று நினைப்போர் முதலில் நினைப்பது புதிர்களை அல்ல, அவ்விளிம்பையே. எட்டு மெய்ப்பாடுகளுள் அச்சத்தின் நிலைக்களன்களைக் கூறும் தொல்காப்பியர் அணங்கினை முதலில் வைத்தது இங்கு நினைவுக்கு வருகிறது.

எள்ளலிலிருந்து இளமைக்கு

எனினும் பெரும்பாலான படப்பதிவு விளையாட்டுகள் நாடிய மெய்ப்பாடு ஒன்று, விளைந்த மெய்ப்பாடு மற்றொன்று. அச்சம் நாடிய இடத்தில் நகை விளைந்தது. இதற்குப் பலராலும் எடுத்துக்காட்டப்படுவது ‘நைட் ட்ராப்’.

இதன் வரலாறே ஒரு கதை. ஹாஸ்ப்ரோ என்ற பொம்மை நிறுவனம், ஒளிநாடாவைக் கொண்டு இயங்கும் ஆட்டக்கருவி ஒன்றைத் திட்டமிட்டது. அதற்கென 1987இல் இது படமாக்கப்பட்டது. கருவி வெளிவராமலே கைவிடப்பட்டது. நாடாக்கள் ஐந்தாண்டு முடங்கிக் கிடந்தபின், டிஜிட்டல் பிக்சர்ஸ் நிறுவனத்தின் வழியே 1992இல் செகா குறுந்தகட்டுக் கருவிக்கு வெளிவந்தது. ஆகவே வெளியான அன்றே அதில் வந்த உடைகளும் தலைமுடி ஒப்பனையும் பழையனவாகிவிட்டன. தொலைக்காட்சித் தொடரில் குழந்தை நட்சத்திரமாகப் புகழ்பெற்ற டானா பிளேட்டோ இதில் மறைமுகப் பாதுகாவலராக நடித்தார்.

ஒரு வீட்டின் எட்டு இடங்களில் கண்காணிப்புக் கருவிகள் உள்ளன. எட்டிலும் காட்சிகள் ஒரே காலத்தில் ஓடுகின்றன. ஆடுபவர் ஒரு நேரத்தில் ஓர் இடத்தையே பார்க்கலாம். விருந்துக்கு வந்த இளம்பெண்களின் குருதியைக் கவர வரும் கரிய உருவங்கள் எந்த அறையில் நுழைகின்றன எனக் கண்டு பொறியை இயக்க வேண்டும். இதில் ஒரு முரண் அமைந்துள்ளது. பெண்கள் கூடிப் பேசும் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தால் கதை புரியும், ஆட்டம் தோற்கும். ஆட்டத்தில் வெல்ல வேண்டுமாயின் ஆளில்லாத கூடங்களையே மாறிமாறிப் பார்க்க வேண்டும். அப்போது கதை கையை விட்டு நழுவும். நடிப்பைக் காண்பதும் ஆடுவதும் ஒன்றையொன்று விலக்குமாறு அமைந்த இவ்வமைப்பை அக்காலத் திறனாய்வு ஒரு குறையாகவே கண்டது. தவறவிட்ட அறையில் என்ன நிகழ்ந்திருக்கும் என்ற எண்ணமே, ஆட்டத்தை நினைவில் நிறுத்தியது என்பது என் கருத்து. முழுதும் கண்ட காட்சிக்கு எவரும் ஏங்குவதில்லை.

1993 டிசம்பர் 9 அன்று அமெரிக்க மேலவையில் ஜோசப் லீபர்மன், ஹெர்ப் கோல் ஆகிய உறுப்பினர்கள் நடத்திய விசாரணையில் இவ்வாட்டம் வன்முறைக்குச் சான்றாகக் காட்டப்பட்டது. பெண்களைக் காப்பதே ஆடுவோரின் பணி. குற்றச்சாட்டோ பெண்களைத் தாக்கத் தூண்டுகிறது என்பது. 1994 சனவரியில் செகா விற்பனையை நிறுத்தியது. அவ்வாண்டிலேயே விளையாட்டுகளுக்கு வயது வரம்பு குறிக்கும் ஈ.எஸ்.ஆர்.பி. அமைப்பு தோன்றியது. நிண்டெண்டோ கருவியில் இவ்வாட்டம் ஒருபோதும் வராது என அந்நிறுவனத்தின் ஹோவர்ட் லிங்கன் விசாரணையில் உறுதி கூறினார். 2018இல் நிண்டெண்டோவின் சுவிட்ச் கருவியிலேயே அது வந்துவிட்டது. இடைப்பட்ட இருபத்தைந்து ஆண்டுகளில் ஆட்டத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை. காண்போரின் மெய்ப்பாடு மாறிற்று.

இம்மாற்றத்தை மெய்ப்பாட்டியல் துணைகொண்டு நுட்பமாகக் கூறலாம். நகை பிறப்பதற்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன்கள் நான்கு. அவற்றுள் எள்ளல் ஒன்று, இளமை மற்றொன்று. எள்ளலைத் தான் பிறரை எள்ளுதலும் பிறரால் தான் எள்ளப்படுதலும் என இருபாற்படுத்திக் காண்பது உரைமரபு. 1990களின் பிற்பகுதியில் படப்பதிவு விளையாட்டைக் கண்டு எழுந்த நகை முதல் வகை எள்ளல்: முப்பரிமாண வரைகலை வளர்ந்துவிட்ட செருக்கில், நேற்றைய முயற்சியைப் பார்த்து நகைத்தது அது. இன்றைய நகையில் அச்செருக்கு இல்லை. ஒரு துறை தன் குழந்தைப் பருவத்தில், தன்னால் எதுவும் முடியும் என நம்பித் திரைப்படமாகவே மாறிவிட முயன்றதைக் காண்பதால் வரும் நகை அது. இதனை இளமை பற்றிய நகை எனலாம். அதனைக் கண்டு நகைப்பவர் தம் சிறுவயதில் அதையே நம்பியவராகவும் இருத்தலின், இரண்டாம் வகை எள்ளலும் இதனுள் சற்றே கலந்துள்ளது. இரண்டு நகைகளும் செவிக்கு ஒன்றுபோலவே ஒலிப்பதால், ‘மோசமாயிருப்பதால் பிடிக்கிறது’ என்ற எளிய விளக்கம் நிலைபெற்றுவிட்டது.

முன்னிலையில் நிற்கும் நடிகர்

திரைப்பட நடிகர் படக்கருவியின் கண்ணை நேராக நோக்குதல் ஆகாது என்பது பொதுவிதி. படப்பதிவு விளையாட்டில் அதுவே இலக்கணம். வெஸ்ட்வுட் நிறுவனம் 1995இல் வெளியிட்ட ‘கமாண்ட் அண்ட் காங்கர்’ ஆட்டத்தில் கேன் என்னும் எதிர்த்தலைவன் திரையைவிட்டு நேரே நம்மை நோக்கி, நம்மைப் படைத்தலைவராகவே விளித்துப் பேசுகிறான். அப்பாத்திரத்தில் நடித்த ஜோசப் குக்கனே அக்காட்சிகளை இயக்கியவர். ஊழியர் சிலரும் வேடம் புனைந்தனர். ஆடுபவருக்கு முகமில்லை, குரலில்லை, விடையில்லை. செய்யுள் உறுப்புகளுள் கூற்றோடு கேட்போரையும் ஓர் உறுப்பாகக் கொண்ட செய்யுளியல் மரபில் பயின்றோர்க்கு இந்நிலை புதிதன்று. அகப்பாட்டில் தோழியின் கூற்றைக் கேட்கும் தலைவன் வாய்திறவான். அவன் இருப்பே பாட்டின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. வாய்திறவாது கேட்டவர் தாமே என்பதால்தான், இவ்வாட்டங்களைக் கண்டவர்கள் ‘பார்த்தோம்’ என்னாது ‘என்னிடம் சொன்னான்’ என நினைவுகூர்கின்றனர். இவ்வேறுபாட்டைத் திறனாய்வு போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை.

நட்சத்திர நடிகர்களை அமர்த்திய ஆட்டங்களும் இருந்தன. 1994இல் வந்த ‘விங் கமாண்டர்’ மூன்றாம் பகுதியில் மார்க் ஹாமில், மால்கம் மெக்டொவெல் முதலியோர் நடித்தனர். 1996இல் வந்த நான்காம் பகுதி உண்மை அரங்குகள் அமைத்துத் திரைப்படச் சுருளிலேயே எடுக்கப்பட்டது. இவற்றின்மீதும் ஏக்கம் உண்டு. ஆயினும் அது அவ்வளவு ஆழமானதன்று எனத் தோன்றுகிறது. ஹாமிலைக் காண வேறு படங்கள் உள்ளன. குக்கனின் கேனைக் காண வேறிடமில்லை.

ஃபேன்டஸ்மகோரியாவின் நடையை இங்குக் கருதலாம். ராபர்ட்டா வில்லியம்ஸ் எழுதிச் சியரா நிறுவனம் 1995இல் ஏழு தகடுகளில் வெளியிட்ட ஆட்டம் இது. நாயகியாக விக்டோரியா மார்செல் நடித்தார். ஆடுபவர் கதவைச் சுட்டினால் அவர் கதவை நோக்கி நடப்பார். படிக்கட்டைச் சுட்டினால் ஏறுவார். மேசையைச் சுட்டினால் குனிந்து பார்ப்பார். அவ்வொவ்வொரு நடையையும் வெற்று நீலத்திரையின் முன், இல்லாத மேசையையும் இல்லாத படியையும் எண்ணி, ஒரு பெண் உண்மையாகவே நடந்து காட்டியிருக்கிறார். படப்பிடிப்பு நான்கு மாதம் நீண்டது. ஆட்டத்தின் கதை பெரிதும் பழகிப்போன பேய்மாளிகைக் கதை. அதில் வரும் வன்முறை சில இடங்களில் தேவைக்கு மிஞ்சியது. ஆஸ்திரேலியாவில் அது தடைசெய்யப்பட்டது. அதனைச் சிறந்த ஆட்டம் எனக் கொள்ள இயலாது. ஆனால் அந்நடையை வரைகலை உருவத்தின் நடையோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். வரைகலை நடை ஒருமுறை செய்யப்பட்டு ஆயிரமுறை மீள்வது. மார்செலின் நடையில் களைப்பு உள்ளது.

உடலின் தடயம் என்பதை இன்னும் தெளிவாகக் காட்டுவது டெக்ஸ் மர்ஃபி வரிசை. இதில் துப்பறிவாளராக நடித்த கிறிஸ் ஜோன்ஸ் தொழில்முறை நடிகர் அல்லர். ஆட்டத்தை உருவாக்கிய ஆக்சஸ் நிறுவனத்தின் நிதிப்பொறுப்பை ஏற்றிருந்தவர். 1994இல் ‘அண்டர் எ கில்லிங் மூன்’ நான்கு தகடுகளில் வந்தது. 1996, 1998 ஆகிய ஆண்டுகளில் தொடர்ச்சிகள் வந்தன. பின்னர் நீண்ட இடைவெளி. 2012இல் ரசிகர்களிடம் பொதுநிதி திரட்டப்பட்டு, ஏறத்தாழ ஆறு லட்சம் டாலர் சேர்ந்து, 2014இல் ‘டெஸ்லா எஃபெக்ட்’ வெளிவந்தது. அதில் துப்பறிவாளர் தம் கடந்த ஏழு ஆண்டு நினைவையும் இழந்தவராக விழிக்கிறார். கதையில் காலம் ஏழாண்டு. நடிகரின் முகத்தில் பதினாறாண்டு. வரைகலை நாயகர்கள் மூப்பதில்லை. தொழில்நுட்பம் வளர வளர இளமையாகிக்கொண்டே செல்கின்றனர். ஜோன்ஸ் மூத்திருந்தார். நிதி தந்தோர் வேறொரு நடிகரைக் கொண்டு புதிதாகத் தொடங்குமாறு வேண்டவில்லை. அவரையே வேண்டினர்.

பழுதுற்ற மூலமும் பதிப்பும்

நினைவேக்கத்தைக் குறிக்கும் ‘நாஸ்டால்ஜியா’ என்ற சொல், 1688இல் யோகானஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர் ஒரு நோய்க்கு இட்ட பெயர். ஸ்வெட்லானா பாய்ம் 2001இல் வெளியிட்ட நூலில் ஏக்கத்தை இருவகைப்படுத்தினார். இழந்ததை அப்படியே மீளக் கட்ட விழைவது ஒன்று. இழப்பின் இடைவெளியை உணர்ந்து அதிலேயே தங்குவது மற்றொன்று. மறுபதிப்புகளை ஆராய இப்பகுப்பு உதவும், போதாது. மீளக் கட்டுவோர் எதை மூலமாகக் கொண்டு கட்டுகின்றனர் என்ற வினாவை அது எழுப்புவதில்லை. அவ்வினாவைத் தமிழ்ப் பதிப்பு வரலாறு நூறாண்டுக்கு மேலாக எழுப்பி வந்துள்ளது.

2017இல் வந்த நைட் ட்ராப் மறுபதிப்பு, குறுந்தகட்டின் மங்கிய காட்சிகளை விடுத்து, முன்னைய படப்பிடிப்பு நாடாவின் தெளிவுக்குத் திரும்பியது. இது சிதைந்த படியை விடுத்து நல்ல சுவடியைத் தேடிக் கண்ட பதிப்பாசிரியரின் செயல். பயன் உண்டு. 64 வண்ணத்தில் கரைந்திருந்த டானா பிளேட்டோவின் முகம் இப்போது தெரிகிறது. அவர் 1999இல் மறைந்தார் என்பதை அறிந்து காண்போர்க்கு அம்முகம் வேறு பொருள் தரும். இழப்பும் உண்டு. 1992இல் எவரும் இவ்வளவு தெளிவாகக் கண்டதில்லை. மக்கள் கண்டு நினைவிற் கொண்ட பாடம் எது, எடுத்தோர் கருதிய பாடம் எது என்ற பழைய சிக்கல் இங்கும் எழுகிறது. இரண்டையும் வாசகர்க்குத் தருவதே முறை.

கமாண்ட் அண்ட் காங்கர் மறுபதிப்பு 2020இல் வந்தது. அதன் நிலை வேறு. நடிகர் காட்சிகளின் முதல் நாடாக்கள் கிடைக்கவில்லை. படப்பிடிப்பின்போது எடுத்த சில பின்னணிக் காட்சிகளே கிடைத்தன. ஆகவே தகட்டில் இருந்த சிறிய, சுருக்கப்பட்ட காட்சிகளைச் செயற்கை நுண்ணறிவால் பெரிதாக்கினர். இங்கு நிகழ்வது என்ன? மூலத்தில் இல்லாத புள்ளிகளை, வேறு பல படங்களைக் கற்ற கணிப்பு, இப்படித்தான் இருந்திருக்கும் என நிரப்புகிறது. கண்ணிமை, பல், சட்டையின் மடிப்பு ஆகியவற்றுள் எது குக்கனுடையது, எது கணிப்புடையது என்பதைத் திரையைப் பார்த்துச் சொல்ல இயலாது.

உ.வே.சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றை இங்கு எண்ணிப் பார்க்கலாம். 267, 268 ஆகிய எண்களுக்குரிய பாடல்கள் கிடைக்கவில்லை. அவ்விடம் வெறிதே விடப்பட்டது. செல்லரித்த அடிகளில் சிதைவு புள்ளிகளால் காட்டப்பட்டது. அவ்வடிகளை யாப்புப் பிறழாது நிரப்பும் புலமை அவருக்கு இல்லாமலில்லை. நிரப்பியிருந்தால் நூல் படிக்க இனிதாகவும் இருந்திருக்கும். புள்ளி என்பது, இங்கு ஒருவன் பாடினான், அவன் சொல் நமக்கு எட்டவில்லை என்னும் செய்தி. அதனை அழித்துவிட்டுப் பொருத்தமான சொல்லை இடுவது, பாடியவனை இரண்டாம் முறை இழப்பதாகும்.

நடுநிலை கருதி ஒன்று கூற வேண்டும். 2020 மறுபதிப்பாளர் தாம் செய்ததை மறைக்கவில்லை. நாடா கிடைக்காமையையும் கணிப்பின் துணையையும் வெளிப்படையாகவே அறிவித்தனர். போர்க்களக் காட்சியில் பழைய வரைகலையையும் புதியதையும் ஒரு விசையால் மாற்றிக் காணவும் வழி செய்தனர். பாடவேறுபாட்டை அடிக்குறிப்பில் தருவதற்கு இது நிகர். ஆனால் முன்னுரையில் கூறப்படுவது வேறு, அடிதோறும் புள்ளியிடுவது வேறு. முன்னுரை படிப்போர் சிலர். நிரப்பிய முகமே இனிப் பரவும். அடுத்த தலைமுறை அதனையே பழைய முகமாகக் கொண்டு ஏங்கும்.

மூன்றாவது வகை, பாத்திரத்தையே வேறாக்குவது. ரேண்ட் மில்லர், ராபின் மில்லர் சகோதரர்கள் தம் ‘மிஸ்ட்’ (1993) ஆட்டத்தில் தாமே நடித்துச் சிறு சாளரத்துள் தோன்றினர். 1997இல் ஐந்து தகடுகளில் வந்த ‘ரிவன்’ ஆட்டத்தில் ஜான் கெஸ்டன் உள்ளிட்ட நடிகர்கள் படமாக்கப்பட்டனர். 2024இல் வந்த ரிவன் மறுஆக்கத்தில் நடிகர் காட்சிகளுக்கு மாற்றாக முப்பரிமாண உருவங்கள் இடம்பெற்றன. இதற்குத் தக்க காரணம் உண்டு. பழைய ஆட்டத்தில் நிலைத்த படங்களின் ஊடே நகர்ந்தோம். புதியதில் எத்திசையிலும் நடக்கலாம். தட்டையான படப்பதிவைப் பக்கவாட்டில் சென்று காண முடியாது. எனவே இதனைப் பதிப்பு என்னாது வழிநூல் எனக் கொள்ளின் குற்றமில்லை. மூலநூல் தனியே கிடைக்கும் வரை வழிநூலால் கேடில்லை.

மூலநூல் கிடைக்கச் செய்யும் பணியில் பெரும்பங்கு நிறுவனங்களுக்கு உரியதன்று. 2001இல் தொடங்கிய ஸ்கம்விஎம் என்ற கட்டற்ற மென்பொருளைத் தன்னார்வலர் வளர்த்து வருகின்றனர். ஃபேன்டஸ்மகோரியா முதலிய சியரா ஆட்டங்கள் 2017இல் வந்த அதன் 2.0 பதிப்பிலிருந்து இயங்குகின்றன. அது தகட்டிலுள்ள கோப்புகளைத் தொடுவதில்லை. பழைய கணினி செய்த வேலையை மட்டும் இன்றைய கணினியில் செய்கிறது. ஏட்டைத் திருத்தாது எழுத்தைப் படிக்கக் கற்றுத்தரும் பணி இது. அதிலும் சிலர் கருங்கோடுகளை நீக்கியே காண்கின்றனர்; அது காண்போர் விருப்பம், கோப்பில் கோடு அப்படியே உள்ளது.

செய்யப்பட்ட பழமை

ஏக்கத்தை அறிந்து எழுந்த புதிய படைப்புகளுள் சாம் பார்லோவின் ‘ஹெர் ஸ்டோரி’ (2015) தலையாயது. 1994இல் நடந்ததாகக் கூறப்படும் காவல்துறை விசாரணையின் 271 துண்டுகள் ஒரு கணினியில் உள்ளன. சொல்லொன்றை இட்டுத் தேட வேண்டும். எத்தனை துண்டுகளில் அச்சொல் வந்தாலும் முதல் ஐந்தே திறக்கும். விவா சைஃபர்ட் என்ற ஒரே நடிகை. கேள்வி கேட்பவர் குரல் இல்லை; விடைகள் மட்டும். சொல்லடைவு கொண்டு நூல் பயில்வோர்க்கு இம்முறை உடனே வசப்படும். சங்க இலக்கியத்தில் ஒரு சொல்லின் ஆட்சிகளைத் தேடிச் செல்லும்போது எதிர்பாராத பாட்டில் போய் நிற்பதைப் போன்றதே இது.

படமாக்கிய காட்சிகளைப் பார்லோ பழைய ஒளிநாடாக் கருவியின் வழியே செலுத்திப் பழுதைச் சேர்த்தார். 1993இல் நேர்ந்த பழுது இங்குச் செய்யப்பட்டது. இது போலியல்லவா எனலாம். அவ்வாறு கொள்ளத் தேவையில்லை. அப்பழுது எந்த மனிதரின் தடயத்தையும் மறைக்கவோ மாற்றவோ இல்லை. சைஃபர்டின் தயக்கம், கைவிரல்களின் அசைவு, குவளையைப் பற்றும் விதம் அனைத்தும் அவருடையன. கணிப்பால் நிரப்பிய தெளிவைவிட நாடாவால் சேர்த்த மங்கல் உண்மைக்கு நெருக்கமானது என்பது முரணாகத் தோன்றினும், இரண்டையும் அருகருகே வைத்துக் காண்போர் மறுக்கமாட்டார்.

இறுதியாகத் தகடு என்னும் பொருளைப் பற்றி ஒன்று. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட ‘பேண்டர்ஸ்னாட்ச்’, காண்போர் முடிவெடுக்கும் படப்பதிவு வகையின் மிகப் பரவலான வடிவம். அதன் கதை 1984இல் விளையாட்டு எழுதும் இளைஞன் ஒருவனைப் பற்றியது. தகட்டில் வெளிவராது நிறுவனத்தின் கணினிகளிலிருந்து மட்டுமே ஓடிய அப்படைப்பு 2025 மே மாதத்தில் நீக்கப்பட்டது. ஏழு தகட்டு ஃபேன்டஸ்மகோரியா முப்பதாண்டு கடந்தும் ஓடுகிறது. ஏழாண்டுகூட நிறைவுறாத படைப்பு காணக் கிடைக்கவில்லை. காட்சிகளைப் பதிவுசெய்து வைத்திருப்போர் இருக்கலாம். ஆயினும் அப்பதிவு ஒரு தடத்தில் ஒருவர் சென்ற வழியே ஆகும், தேர்வுகள் கிளைக்கும் நூல் அன்று. ஓர் உரையாசிரியர் மேற்கோள் காட்டியதால் மட்டும் பெயரறியப்படும் நூல்கள் நம்மிடம் பல உள. இத்துறையில் அப்பட்டியல் இப்போதுதான் தொடங்கியுள்ளது.